கொக்கியில் ஒரு தையல்

அந்த வீட்டில் குறட்டை நின்றால் தையல் மெஷினும் நின்றுவிடும். இன்று நேற்று வந்த பழக்கமில்லை இது.

உள் அறையில் அவர் தூங்குவார். முன் அறையில் இவள் தைப்பாள். இரவெல்லாம் பஸ் ஓட்டிவிட்டுப் பகலில் படுக்கிற மனிதர், கதவைச் சாத்திக்கொண்டால்தானே நிம்மதியாகத் தூங்கலாம்? அதெல்லாம் நடக்காது. குடி வந்த நாளிலிருந்து அந்தக் கதவு திறந்தே கிடக்கிறது. குறட்டை கேட்கிற வரைக்கும் தையல்காரியின் கால் பெடலை மிதிக்கும். சட்டென்று குறட்டை அறுந்தால் கால் அப்படியே நிற்கும். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உள்ளே சத்தமே இருக்காது. ஈரக்குலை நடுங்க ஆரம்பிக்கிற நேரத்தில், தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்குகிறவர் மாதிரி ஒரு பெரிய இழுப்பு, ஒரு புரளல், மறுபடி குறட்டை. அப்பாடா என்று கால் பெடலில் இறங்கும்.

"ஊர்ல எல்லாரும் புருஷன் குறட்டை விடுறார்னு அழுவாங்க. நீ ஒருத்திதாம்மா குறட்டை நின்னா அழறே" என்பாள் மகள்.

மகள் நீச்சல்குளத்தில் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். தவழ்கிற வயதிலேயே வாளித் தண்ணீரில் தலையை விட்டவள் என்பதால் அப்பா வைத்த பெயர் தவளை. வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கியும் பெயர் மாறவில்லை.

ஓட்டுநர் சிக்னலில் கண் அயர்ந்ததும், பச்சை விழுந்தும் வண்டி நகராமல் பயணிகள் வந்து தோளை உலுக்கியதும், டிப்போ டாக்டர் அவரை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்பியதும் தெருவுக்கே தெரிந்த கதை. தூக்கத்தில் தொண்டை மூடிக்கொண்டு மூச்சு அடைக்கிற வியாதி. மருந்து இல்லை, மாத்திரை இல்லை. ஒரு சின்ன மெஷின், ஒரு குழாய், முகத்தில் ஒரு மாஸ்க். மெஷின் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்று தொண்டையை மூடவிடாது. போட்டுக்கொண்டு தூங்கினால் நூறு வருஷம் இருக்கலாம். போடாவிட்டால் ஏதோ ஒரு நாள் அந்தப் பெரிய இழுப்பு வராமலே போகலாம். டாக்டர் இவ்வளவு பச்சையாகச் சொல்லவில்லை. தையல்காரிக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

மெஷின் வந்துவிட்டது. மாஸ்க்தான் அமையவில்லை.

முதலில் கொடுத்தது மூக்கை மட்டும் மூடுகிற மாஸ்க். நம்ம ஆளோ வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவர். மெஷின் மூக்கு வழியாக ஊதியதெல்லாம் வாய் வழியாக வெளியே போயிற்று. எழுந்தபோது நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு பேச்சே வரவில்லை. "இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விடுறவங்களைப் பார்த்திருக்கேன். மூக்குல வாங்கி வாயில விடுறவர் நீங்கதாம்பா" என்றாள் தவளை.

சரி, வாய் திறப்பதுதானே வம்பு என்று தையல்காரி தாடைக்கு ஒரு பட்டை தைத்தாள். காக்கித் துணி, இரண்டு மடிப்பு, உச்சந்தலையில் முடிச்சு. வாய் மூடியது. மூக்கு? சின்ன வயதில் விழுந்து வளைந்த மூக்கு, ஒரு பக்கம் எப்போதும் அடைப்பு. படுத்த கொஞ்ச நேரத்தில் பட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு உட்கார்ந்தார். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "மூக்கு அடைச்சிருக்கிறவருக்கு வாயைக் கட்டலாமா? மூக்கைச் சரி பண்ண ஆபரேஷனுக்குத் தேதி வர்ற வரைக்கும், மூக்கு வாய் ரெண்டையும் சேர்த்து மூடுற மாஸ்க்தான் இவருக்கு. வேற பேச்சே வேண்டாம்."

அதுதான் வேண்டாம் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். ஏன் என்று கேட்டால், "வேண்டாம்னா விடேன்." அவ்வளவுதான்.

நாளைக்குக் காலையில் மெஷினோடு டிப்போ டாக்டரிடம் போயாக வேண்டும். எவ்வளவு நேரம் போட்டார், எவ்வளவு காற்று ஒழுகியது என்று மெஷினே சொல்லிவிடும். ஒரு முழுத் தூக்கமாவது அதில் ஏறியிருக்க வேண்டும்.

அதனால்தான் இன்று காலை மூன்று பேரும் கடையில் நின்றார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், சக்கர நாற்காலிகளும் ஊன்றுகோல்களும் வாசல் வரைக்கும் வந்து நிற்கிற ஒடுக்கமான கடை. உள்ளே அலமாரியில் வரிசையாக வெள்ளைத் தெர்மகோல் தலைகள். கண் இல்லை, காது இல்லை. ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு மாஸ்க். அந்த வரிசையைப் பார்த்ததும் ஓட்டுநர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உள்ள வாங்க சார்" என்றாள் கடைக்காரப் பெண். "வாயால மூச்சு விடுறவரா?"

"தூங்கும்போது மட்டும்தான்."

"முழிச்சிருக்கும்போதும்தான். இப்பகூடப் பாருங்க" என்றாள் தவளை.

அவர் வாயை மூடிக்கொண்டார்.

கடைக்காரப் பெண் முதலில் சின்னதாக ஒன்றை எடுத்தாள். வாயை மூடி, மூக்குக்கு அடியில் வந்து முட்டுக் கொடுக்கிற மாதிரி. மூக்குத் தண்டும் கண்ணும் திறந்தே இருக்கும். அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. "இது பரவாயில்லையே. இதையே கொடுத்துடுங்க."

போட்டுப் பார்த்தால், மீசை மேல் உட்கார்ந்து புஸ் புஸ்ஸென்று காற்று ஒழுகியது.

"மீசையை எடுத்துட்டா நிக்கும்" என்றாள் கடைக்காரப் பெண்.

"எடுத்துடுறேன்."

தையல்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் கல்யாணத்துக்கே மீசையின் நுனியைக் கூடக் குறைக்காத மனிதர். அந்தப் பெரிய மாஸ்க்கிடமிருந்து தப்பிக்க மீசையையே கொடுக்கிறேன் என்கிறார் என்றால், பிடிவாதம் இல்லை இது, வேறு என்னவோ. அந்த நேரத்தில் அவளுக்கு அப்படித் தோன்றத்தான் செய்தது. தோன்றியதைப் பிடித்துக்கொண்டு யோசித்திருக்கலாம்.

ஆனால் மூக்கைத் தொட்டுப் பார்த்த கடைக்காரப் பெண் தலையாட்டிவிட்டாள். "மூக்கு இப்படி வளைஞ்சிருந்தா அடியில ஒரு பக்கம்தான் ஒட்டும். மீசை போனது போனதுதான், காத்து ஒழுகுறது நிக்காது. பெருசுதான் சார் உங்களுக்கு."

அவரை ஒரு கட்டிலில் படுக்கச் சொன்னாள். "வாயைத் திறங்க. தூங்கும்போது எப்படித் திறப்பீங்களோ அப்படி." மூக்குத் தண்டின் மேட்டிலிருந்து கீழ் உதட்டுக்கு அடி வரைக்கும் அளவுகோலை வைத்தாள். "நின்னுட்டு, வாயை மூடிட்டு அளவு கொடுத்தா கடையில சரியா இருக்கும், வீட்டுல ஒழுகும்."

"வாஸ்தவம்" என்றாள் தையல்காரி. "டிரைவருங்களுக்கு நானும் உட்கார வச்சுத்தான் கால்சட்டைக்கு அளவெடுப்பேன்." இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். படுத்திருந்தவர் சிரிக்கவில்லை. நெற்றி வேர்த்திருந்தது.

மாஸ்க் முகத்தில் இறங்கியது. மூக்கு, வாய், மீசை எல்லாம் உள்ளே. கண் மட்டும் வெளியே. கன்னத்துக்கு இரண்டு பக்கமும் கொக்கி, பின்தலைக்குப் பட்டை. மெஷினை ஓட விட்டாள். காற்று ஒழுகவில்லை.

"ரொம்ப இறுக்காதீங்கம்மா. இறுக்குனா இன்னும் ஒழுகும், தோலும் புண்ணாகும்" என்று கடைக்காரப் பெண் தையல்காரியிடம் சொன்னாள். "கரண்ட் போனாலும் பயமில்லை. இந்த வால்வு தானா திறந்துக்கும், ரூம் காத்து உள்ள வரும். வாந்தி வர்ற மாதிரி இருந்தா போடக் கூடாது. என்ன ஆனாலும் இந்தக் கொக்கியை ஒரு கையால தட்டினா போதும், கழண்டு வந்துடும். சார், கழட்டுங்க பார்ப்போம்."

கழற்றினார். மாட்டினார். மறுபடி கழற்றினார். கடைக்காரப் பெண் போதும் என்ற பிறகும் விடவில்லை. டக், டக் என்று கொக்கி திறந்து மூடிக்கொண்டே இருந்தது.

"சும்மா கழட்டிக் கழட்டி மாட்டினா கொக்கி தளர்ந்துடும்ங்க" என்றாள் தையல்காரி.

அவர் அவளைப் பார்த்தார்.

கடையிலிருந்து வெளியே வந்ததும் தையல்காரி நூல் வாங்கப் போனாள். அப்பாவும் மகளும் நீச்சல்குளம் வரைக்கும் சேர்ந்து நடந்தார்கள். வழியில் என்ன பேசினார்களோ, அது அப்போது இவளுக்குத் தெரியாது.

மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் படுத்தார். கொக்கியைத் தானே மாட்டினார், தானே ஒரு தடவை கழற்றிப் பார்த்துவிட்டு மாட்டினார். மெஷின் மெல்ல ஊத ஆரம்பித்தது.

குறட்டை இல்லை. ஒழுகல் இல்லை. ஒரு சத்தமும் இல்லை.

இதற்காகத்தானே இத்தனை அலைச்சல்? ஆனால் தையல்காரியின் கால் பெடலில் இறங்க மாட்டேன் என்றது. இத்தனை வருஷமாகச் சத்தம் இருந்தால் உயிர், சத்தம் நின்றால் ஆபத்து என்று பழகிய காது. இப்போது நல்லதுக்கும் அதே அமைதி, கெட்டதுக்கும் அதே அமைதி. இரண்டு முறை எழுந்து போய் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாவது முறை கதவருகே போனபோது அவர் கை தூக்கத்திலேயே மேலே வந்தது. விரல் கொக்கியைத் தட்டியது. மாஸ்க் கழன்று தலையணைக்குப் போனது. கண் திறக்கவே இல்லை அவர். வாய் திறந்துகொண்டது. குறட்டை வந்தது.

அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குறட்டை அறுந்தது.

அவள் காத்திருந்தாள். அவர் உதட்டோரம் கொஞ்சம் கறுத்த மாதிரி இருந்தது. ஜன்னல் வெளிச்சம்தான் அப்படிக் காட்டுகிறது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அந்தப் பெரிய இழுப்பு வந்தது. "என்ன?" என்று எழுந்து உட்கார்ந்தார்.

"கழட்டிட்டீங்க."

"நானா? இல்லையே."

"தூக்கத்துல."

அவர் மாஸ்க்கைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். "முகம் கழுவிட்டு வர்றேன். மறுபடி போட்டுக்கிறேன்" என்று எழுந்து போனார்.

குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பயந்தவள் புத்தியை நம்பக் கூடாது, அதுவும் கையில் ஊசி இருக்கிறவள் புத்தியை நம்பவே கூடாது. காக்கிக் கால்சட்டைக்குப் பொத்தான் தைக்கிற தடித்த நூலை ஊசியில் கோத்தாள். இடது பக்கக் கொக்கியை மாஸ்க்கின் சட்டத்தோடு சேர்த்து இழுத்துப் பிடித்துத் தைத்தாள். வலது பக்கமும் அதே மாதிரி. பின்பட்டையின் ஒட்டு நழுவாதபடி அங்கேயும் போட்டாள். பல்லால் நூலைக் கடித்தாள். இனி தூங்குகிற கை எவ்வளவு தட்டினாலும் கழலாது. நாளைக்கு மெஷின் சாட்சி சொல்லும். அதைவிட, இன்று அவர் மூச்சு நிற்காது.

அவர் வந்து படுத்தார். "நானே போட்டு விடுறேன்" என்றாள். தொப்பி மாதிரி மேலிருந்து தலையில் மாட்டி இறக்கினாள். அவர் கை பழக்கத்தில் கொக்கியைத் தேடிக் கன்னத்துக்கு வந்தது. அவள் அந்தக் கையைப் பிடித்து மெத்தையில் வைத்தாள்.

"சரியாத்தான் இருக்கு. நீங்க தூங்குங்க."

அவர் நம்பினார். நம்பித் தூங்கினார்.

சாயங்காலம் தவளை தலைமுடி ஈரத்தோடு வீட்டுக்குள் வந்தாள். மெஷின் ஊதுகிற மெல்லிய சத்தத்தைக் கேட்டுப் பையை மெதுவாக வைத்தாள். "போட்டுட்டுத் தூங்குறாரா? ரொம்ப நேரமாவா?"

"நல்லா தூங்குறார்."

"கழட்டலையா? பெரிய விஷயம்மா அது."

"இனிமே கழட்ட முடியாது" என்றாள் தையல்காரி. சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "ரெண்டு பக்கமும் தச்சுட்டேன்."

தவளை சிரிக்கவில்லை. துண்டால் தலை துவட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "எதைத் தச்சே?"

"கொக்கியை."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா போட்டுக்குவாரா?"

மகள் அம்மாவின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். குரலைத் தாழ்த்தினாள். "அப்பா உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னார். சொல்லாம இருக்க முடியாது இப்ப. பஸ்ஸுக்கு வர்றதுக்கு முன்னாடி அப்பா டேங்கர் கழுவுற இடத்துல வேலை பார்த்தார், தெரியுமா உனக்கு?"

"தெரியும். பிடிக்கலைன்னு விட்டுட்டேன்னு சொன்னார்."

"பிடிக்காம இல்லம்மா. கூட ஒரு கூட்டாளி இருந்திருக்கார். அவர் முகமூடி போட்டுட்டு டேங்குக்குள்ள இறங்குவாராம். மூக்கு, வாய் எல்லாம் மூடுற முகமூடி. அப்பா மேல இருந்து டார்ச் அடிப்பாராம். ஒரு நாள் அவருக்கு உள்ளயே வாந்தி வந்துருச்சு, முகமூடிக்குள்ள. ஏணியில பாதி ஏறிட்டாராம். ரெண்டு கையும் ஏணியை விட்டுட்டுக் கொக்கியைத் தேடியிருக்கு. கொக்கி திறக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் என்னம்மா அப்புறம். கயிறு போட்டுத் தூக்கினாங்க." தவளையின் கண் நிறைந்துவிட்டது. "இன்னைக்குக் கடையில கொக்கி கையால தட்டினதும் திறந்துச்சு பாரு, அதனாலதான் இதை வாங்கச் சம்மதிச்சாராம். என்கிட்ட சொன்னார். 'கொக்கி நல்லா திறக்குது தவளை, போட்டுக்குவேன்'னு."

தையல்காரி பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டாள். கடையில் டக் டக் என்று கேட்ட சத்தம் இப்போது காதில் கேட்டது.

"எழுப்பிச் சொல்லிடலாம் வா" என்றாள் மகள்.

"வேண்டாம். வேண்டாம்டி. எழுப்பினா பயந்துடுவார். தூங்கும்போதே வெட்டி விட்டுடுறேன். தெரியவே வேண்டாம்."

"அம்மா, சொல்றதைக் கேளு."

கேட்கவில்லை. ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பு. நூல் வெட்டுகிற சின்னக் கத்திரியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திரை போட்ட அறை. மங்கலான வெளிச்சத்தில் அவர் வலது பக்கம் சாய்ந்து படுத்திருந்தார். குழாய் மெத்தை மேல் கிடந்தது. நெஞ்சு நிதானமாக ஏறி இறங்கியது. இவ்வளவு அமைதியாக அவர் தூங்கி அவள் பார்த்ததே இல்லை. அவள் முட்டி போட்டு உட்கார்ந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இடது கொக்கியின் நூலுக்கு அடியில் நுனியை விட்டாள். வெட்டினாள். இரண்டாவது நூல். வெட்டினாள். இடது பக்கம் விட்டது.

வலது பக்கம் தலையணைக்குள் புதைந்திருந்தது. அவரை எழுப்பாமல் தலையைக் கொஞ்சம் திருப்பினால் போதும். காதோரம் கையை நுழைத்தாள்.

மின்விசிறி நின்றது. தெருப்பக்கம் ஏதோ ஒரு வீட்டில் டிவி சட்டென்று அடங்கியது. மெஷின் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு ஓய்ந்தது. கரண்ட் போய்விட்டது.

வால்வு திறந்துகொள்ளும். ரூம் காற்று உள்ளே வரும். கடையில் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. ஆனால் தூக்கத்திலிருந்து எழுகிறவருக்கு அதெல்லாம் நினைவு வருமா?

அவர் கண் திறந்தது. அரையிருட்டு. முகத்தில் ஊதிக்கொண்டிருந்த காற்று இல்லை. கை வலது கன்னத்துக்குப் போனது. கொக்கியைத் தட்டியது. கொக்கி திறக்கவில்லை.

மறுபடி தட்டினார். மறுபடி. மாஸ்க்குக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அது வார்த்தை இல்லை. இரண்டு கையும் பின்தலைக்குப் போயின. தலையோடு சேர்த்துப் பிடுங்கப் பார்த்தார், வலது பட்டை விடவில்லை. தையல்காரியைப் பார்த்தார். அவள் கையில் கத்திரியைப் பார்த்தார். சுவரோடு சுவராகப் பின்னால் நகர்ந்தார்.

"அப்பா, காத்து வருது. வால்வு திறந்துருச்சு. வெளிய ஊதுங்க" என்று தவளை கதவிலிருந்து குளத்துக்கரைக் குரலில் சொன்னாள். முதன்முதலாகத் தண்ணீரில் தலையை விடுகிற குழந்தைகளிடம் சொல்கிற அதே குரல். "ஊதுங்கப்பா. ஊதினா போதும், உள்ள தானா வரும். என்னைப் பாருங்க. ஊதுங்க."

அவர் மகளைப் பார்த்தார். ஊதினார். அந்த ஒரு நொடியில் தையல்காரி பாய்ந்து வலது பக்கம் கத்திரியைக் கொடுத்தாள். நூலா பட்டையா என்று பார்க்க நேரமில்லை. பட்டையே அறுந்தது. மாஸ்க் சுவரில் பட்டு விழுந்தது.

அவர் வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். நெடுநேரம் வாங்கிக்கொண்டே இருந்தார். மூக்கைச் சுற்றி, உதட்டைச் சுற்றி மாஸ்க்கின் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருந்தது. தவளை தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தார். பிறகு குனிந்து மாஸ்க்கை எடுத்தார். ஜன்னல் திரையை விலக்கி, கொக்கியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

சின்னச் சின்னதாக, இரட்டை இழையில், முடிவில் மூன்று முடிச்சோடு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் போடுகிற ஒவ்வொரு காக்கிச் சட்டையிலும் இருக்கிற முடிச்சு.

"இது உன் தையல்" என்றார்.

"ஆமா."

அவர் காத்திருந்தார்.

"தூக்கத்துல கழட்டிப் போட்டீங்க. மூச்சு நின்னுச்சு. உதடு கறுத்துச்சு, நான் பார்த்தேன்." அவள் அழுதுகொண்டே சொன்னாள். "எனக்குப் பயமா இருந்துச்சுங்க."

"எனக்கும்தான் பயமா இருந்துச்சு" என்றார் அவர். குரல் உயரவில்லை. "நான் யாரையாவது கட்டிப் போட்டேனா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கரண்ட் வந்தது. மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. அவர் எழுந்து முன் அறைக்குப் போய்த் தையல் மெஷின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். அறுந்த பட்டையை மேஜை மேல் வைத்தார்.

"தை."

"இன்னைக்கு வேண்டாம்பா. நாளைக்கு டாக்டர்கிட்ட நான் வந்து பேசுறேன்" என்றாள் தவளை.

"பேசினா ஸ்டியரிங் கொடுப்பாரா? எனக்கு வண்டி ஓட்டணும்." மகளிடம் சொன்னாலும் தையல்காரியைப் பார்த்தே சொன்னார். "கொக்கியைத் தொடாதே. பட்டையை மட்டும் தை. நான் பார்த்துட்டு இருக்கேன்."

அவள் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் சட்டை தைத்திருப்பாள், ஒரு தடவைகூடப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மேற்பார்வை பார்த்ததில்லை. ஊசி ஏறி இறங்கிய ஒவ்வொரு இடத்தையும் அவர் கண் தொடர்ந்தது. தைத்து முடித்ததும் வாங்கிப் பார்த்தார். வலது பக்கம் ஒட்டியிருந்த பழைய நூலையும், பின்பட்டையில் இருந்ததையும் தானே கத்திரி வாங்கி ஒவ்வொன்றாக எடுத்தார். கொக்கியை மாட்டினார். கழற்றினார். இடது. வலது. டக், டக்.

"எவ்வளவு நேரம் வேணும்னாலும் கழட்டிப் பாருங்க" என்று கடைசியில் மெல்லச் சொன்னாள்.

அவர் மாஸ்க்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நிலைப்படியில் நின்று திரும்பினார். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். கோபம் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"கதவைச் சாத்திக்கிறேன்" என்றார்.

சாத்தினார். குடி வந்ததிலிருந்து அசையாத கதவு, கீல் முனகியது. பிறகு உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.

தையல்காரி தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தவளை அவள் காலடியில் வந்து உட்கார்ந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் கட்டில் ஒரு தடவை முனகியது. மெஷின் ஊதுகிற சத்தம், கதவு சாத்தியிருந்ததால் காதுக்கு எட்டியும் எட்டாமலும் வந்தது. புஸ்ஸென்ற சத்தம் இல்லை. ஒழுகல் இல்லை. வாயைத் திறந்து தூங்குகிறவருக்கு ஏற்ற மாஸ்க் கடைசியில் அமைந்துவிட்டது.

ரொம்ப நேரம் ஆயிற்று. குறட்டை வரவில்லை.

"தூங்கிட்டாரா?" என்று தவளை கிசுகிசுத்தாள்.

"தூங்குறார்."

"எப்படித் தெரியும்?"

தையல்காரியின் கால் பெடல் மேல் இருந்தது. மிதிக்கவில்லை. மூடிய கதவையே பார்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.